மருந்து டேங்கை மாட்டிக்கொண்டு உன்னைப் பார்க்க வந்தேன்

என் மல்லிகா,

நான்தான். நீ விட்டுப்போன அதே பூதலூர் வீட்டிலிருந்து எழுதுகிறேன். நீ போய் நாலு வருஷம் ஆகிவிட்டது. பத்தாம் வகுப்போடு புத்தகத்தை மூடியவன் எழுதுகிற கடிதம், பிழை இருந்தால் உனக்குள்ளேயே சிரித்துக்கொள். சத்தமாகச் சொல்லிவிடாதே, நாலு பேர் படிக்கப் போகிறார்கள்.

சேதி என்னவென்றால், நான் நடிகனாகிவிட்டேன். அதுவும் கதாநாயகன்! நம்ம கயல்விழி காலேஜுக்காக ஒரு குறும்படம் எடுக்கிறாள். கதையும் அவளுடையதுதான். ஒரு விவசாயிக்குக் காலத்தில் பின்னால் போகிற கருவி ஒன்று கிடைக்கிறது. செத்துப்போன பெண்டாட்டியைக் காப்பாற்ற அவன் திரும்பத் திரும்பப் போகிறான், போகிற தடவையெல்லாம் சொதப்புகிறான். "சிரிப்புப் படம்ப்பா" என்றாள். சொதப்புவதற்கு என்னை விட்டால் இந்த ஜில்லாவில் ஆள் ஏது?

கருவி எது தெரியுமா? பயிருக்கு மருந்தடிக்கிற நம்ம பழைய டேங்க். அதை முதுகில் மாட்டிக்கொண்டு கைப்பிடியை ஒரு அடி அடித்தால் ஒரு வருஷம் பின்னால். கை தவறிக் கூடுதலாக அடித்து, நம்ம கல்யாணத்துக்கு முன்னால் போய் இறங்கினால் என்ன ஆகும் என்று யோசித்தேன். உங்க அப்பா என்னைப் பார்த்து, மருந்தடிக்க ஆள் வந்திருக்கிறான், கொல்லைப் பக்கமாக வரச் சொல்லு என்றிருப்பார்.

இதற்கெல்லாம் சட்டதிட்டம் வேறு இருக்கிறதாம்.

"அப்பா, அங்க போய் எதையும் மாத்திடக் கூடாது. ஒரு பூச்சியை மிதிச்சாக்கூட அதுக்கப்புறம் நடக்கிறதெல்லாம் மாறிடும்."

"முதுகுல பூச்சி மருந்தைக் கட்டி அனுப்பிட்டு, பூச்சியை மிதிக்காதேங்கிறியேம்மா?"

"லாஜிக்கெல்லாம் பார்க்காதீங்கப்பா."

"சரி, அங்க இருக்கிற என்னை நானே எதிர்ல பார்த்துட்டா?"

"பார்க்கவே கூடாது. ரெண்டு பேரும் காணாமப் போயிடுவீங்க."

"ரெண்டு பேரும் போயிட்டா வயலுக்கு யாரு தண்ணி கட்டுறது?"

கூட வந்திருந்த அவளுடைய தோழிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கயல் சிரிக்கவில்லை. வேலை மும்முரம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஊருக்கு விஷயம் தெரிந்ததும் டீக்கடையில் எனக்கு ஏக மரியாதை. "அந்த டேங்கைக் கொஞ்சம் கொடுங்க மாமா, பத்து நாள் முன்னாடி போயி விதைச்சுட்டு வந்துடறேன்" என்றான் ஒருத்தன். "பத்து நாள் முன்னாடி வாய்க்கால்ல ஏதுடா தண்ணி?" என்றார் பக்கத்தில் இருந்தவர். "அப்ப இன்னும் பின்னாடி போயி மேட்டூரைத் திறந்துவிட்டுட்டு வரேன்." "ரொம்பப் பின்னாடி போயிடாதே, அங்க அணையே கட்டியிருக்க மாட்டாங்க."

உன் வேஷம் யாருக்கு என்கிறாய்? என் தங்கச்சி வசந்தாவுக்கு. உன் சாம்பாரை ஒரு நாளாவது நல்லாயிருக்கு என்று வாய்விட்டுச் சொன்னவளா அவள்? உன் மாம்பழக் கலர் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றவள், "அண்ணி மாதிரி எனக்கு நடக்க வரலையே அண்ணே" என்று மூக்கைச் சிந்தினாள்.

எடுத்த காட்சி நீ போன அந்தக் காலைதான். நடவு நாள். நான் வயலில் இருக்கிறேன். உனக்கு நெஞ்சைப் பிடிக்கிறது. வாயுவாக இருக்கும் என்று மகள் ஓமத்தைக் கொதிக்கவைத்துத் தருகிறாள். நாலு வருஷம் தாண்டி வந்திறங்குகிற நான் அந்த டம்ளரைத் தட்டிவிட வேண்டும். முதல் தடவை டேங்க் நிலைப்படியில் மாட்டிக்கொண்டது. அடுத்த தடவை டம்ளரை விட்டுவிட்டு வசந்தாவின் மூக்குக்கண்ணாடியைத் தட்டிவிட்டேன். அதற்கடுத்தது ஒழுங்காகத் தட்டினேன். வசந்தா பழக்கதோஷத்தில், "போனாப் போகுது, இன்னொரு டம்ளர் கொண்டா கயலு" என்றுவிட்டாள்.

"திரும்ப எடுக்கலாம்" என்றாள் கயல்.

எனக்குக் கை வலித்தது. "ஏம்மா, கதாநாயகன் ஆட்டோவைக் கூப்பிடலாம், டாக்டரைக் கூட்டிட்டு வரலாம். ஏன் டம்ளரையே தட்டிவிடணும்?"

அவள் நிமிரவில்லை. "அதைக் குடிச்சதாலதானே அம்மா சரியாயிடும்னு இருந்துட்டாங்க? வாயுன்னு சொன்னது நான்தானேப்பா?"

மல்லிகா, அந்த டம்ளரை இந்தப் பெண் நாலு வருஷமாகக் கையிலேயே வைத்திருந்திருக்கிறாள். நான் சிரிப்புப் படத்தில் நடிக்கிறேன் என்று துள்ளிக்கொண்டிருந்தேன்.

"உன்மேல தப்பில்லம்மா" என்று சொன்னால் நம்புகிற வயசா அவளுக்கு? எனக்கு அழகாகப் பேசவும் வராது. "கேமராவைப் போடு, இன்னொரு தடவை வரேன்" என்றேன்.

கைப்பிடியை அடித்துக்கொண்டு உள்ளே போனேன். டம்ளர் பக்கமே போகவில்லை. "மல்லிகா, நான் நாலு வருஷம் கழிச்சு வரப்போற காலத்துலேர்ந்து வரேன். இது வாயு இல்ல, நெஞ்சு வலி. கிளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

கதையில் இல்லாத வசனம். வசந்தா ஒரு நிமிஷம் முழித்தாள். அப்புறம் எங்கிருந்துதான் வந்ததோ, அப்படியே உன் குரல்:

"நடவு ஆளுங்க வயல்ல இறங்கியாச்சு, இன்னும் சோறு வடிக்கலை. இவரு பெரிய டாக்டரு, சொல்ல வந்துட்டாரு! முதல்ல அந்த டேங்கைக் கழட்டி வெளியில வைங்க, வீடெல்லாம் மருந்து நாத்தம்."

"உன் உயிரு போகப்போகுதுடி!"

"போகும் போகும். கையைக் கழுவிட்டு வந்து சாப்பிடுங்க."

கயல் பக்கென்று சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "போயிருக்க மாட்டாங்கல்லப்பா?"

"மாட்டா. வேத்து கிரகத்துலேர்ந்து ஆள் வந்து கும்பிட்டிருந்தாலும், நடவு நாள்ல உங்கம்மா அடுப்பை விட்டு நகர்ந்திருக்க மாட்டா. நீ என்னத்தைச் சொல்லியிருந்தாலும் சரி. மக போட்டுக் கொடுத்ததாச்சேன்னு அதைக் குடிச்சா, அவ்வளவுதான்."

அத்தை மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். அப்புறம் எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு, "பசிக்குது அத்தை" என்றாள். படத்தை அந்த இடத்திலேயே முடித்துவிட்டாள். நான் சொன்னது சரிதானே மல்லிகா? வந்திருக்க மாட்டாய்தானே? நீ பதில் சொன்னால் கொஞ்சம் நன்றாக இருக்கும்.

எனக்கு நிஜமாகவே அப்படியொரு கருவி கிடைத்தால் அந்தக் காலைக்கு வரமாட்டேன். வந்தாலும் நீ கேட்கப்போவதில்லை. நாம் பூம்புகார் போனோமே, அந்தச் சாயங்காலத்துக்கு வருவேன். சின்னக் கயலை இடுப்பில் வைத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றாய். ஒவ்வொரு அலைக்கும் நீதான் குழந்தை மாதிரி கத்தினாய். இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம் என்றாய். நான் கரையில் நின்றுகொண்டு, "போதும் வா, பஸ் போயிடும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அந்த ஒரு வசனத்தை மட்டும் எடுத்துவிடுவேன். பஸ் போனால் போகட்டும்.

தை அறுவடை முடிந்ததும் கயலை அங்கே அழைத்துப் போகிறேன். அவளாகக் கரையேறி வருகிறவரைக்கும் கிளம்பலாம் என்று என் வாயில் வராது. இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

நீ கூப்பிட்ட பேரிலேயே என்றும் இருக்கும்,
கயலு அப்பா