குவிமாடத்துக்குச் சுவர் கட்டவில்லை, மச்சான்

என்றும் என் அன்புக்குரிய மச்சானுக்கு,

நேற்று முட்டுக் கம்பங்களை எல்லாம் எடுத்துவிட்டார்கள். நம் ஆபீசில் நாம் வரைந்த தீயணைப்பு நிலையத்தின் குவிமாடம் இப்போது தானாக நிற்கிறது. மேஸ்திரி கைதட்டினார், யாரோ லட்டு கொடுத்தார்கள், நானும் வாங்கித் தின்றேன். எனக்கு எதுவும் தோன்றவில்லை. இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் போனதிலிருந்து இப்படித்தான் இருக்கிறேன். பனகல் பார்க் பக்கம் பஸ்ஸுக்கு நின்றவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார் என்று ஒரு கடைக்காரர்தான் ஆபீசுக்குப் போன் செய்தார். ஜனாஸாவுக்குத் தோள் கொடுத்தேன், மண் தள்ளினேன், வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். அழுகை மட்டும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் மரத்துக் கிடக்குமே, அப்படி. இன்னும் தெளியவில்லை.

அந்தப் புயலுக்கு மறுநாள் நீங்கள் வீடு திரும்பிய கோலம் நினைவிருக்கிறது. பழைய நிலையத்தின் தகரக் கூரை பறந்து, வாசல் உத்தரம் தொய்ந்து, ஷட்டர் சிக்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் நிரப்பிய வண்டி உள்ளே நிற்க, வெளியே ஆட்கள் கடப்பாரையால் நெம்பிக்கொண்டிருந்தார்கள். அதே நேரம் மின்கம்பி உரசி நொச்சிக்குப்பத்தில் குடிசை பற்றிக்கொண்டது. படகுக்காரர்களே மணலை அள்ளிக் கொட்டி அணைத்தார்கள். சட்டையெல்லாம் சேறாக வந்து நின்று நீங்கள் கேட்டது ஒன்றுதான்.

"நெருப்பணைக்கிறவங்க கட்டடமே மொதல்ல மாட்டிக்கிட்டா, மத்தவன் யாரைக் கூப்பிடுவான் சலீம்?"

புது நிலையம் வரையும் வேலை நம் ஆபீசுக்கே வந்தது. அப்புறம் நமக்கு வேறு பேச்சே இல்லாமல் போயிற்று. காற்று முட்டி நிற்க ஓரமும் இருக்கக் கூடாது, பிய்த்துப் போகக் கூரையும் தனியாக இருக்கக் கூடாது, சுவரும் கூரையும் ஒன்றான குவிமாடம்தான் என்றீர்கள். அக்காவின் பிரியாணி தேக்சாவைக் கவிழ்த்துப் போட்டு, கோழிவலையைச் சுற்றி, சிமெண்டு பூசி முதல் மாதிரியைச் செய்தோம். பெருநாளுக்குள் தேக்சாவைக் கழுவிக் கொடுக்கிறேன் என்று சத்தியம் செய்தீர்கள். கொடுக்கவில்லை. அதற்காக ஜமீலா அக்காவிடம் வாங்கிய திட்டில் பாதி எனக்கு வந்தது. திட்டிக்கொண்டே அடுத்த மாதிரிகளுக்கு வலை வெட்டிக் கொடுத்ததும் அவள்தான்.

வாசலுக்காகக் குவிமாடத்தை வெட்டும் இடம்தான் பலவீனம் என்று அதைச் சுற்றித் தடித்த வளையம் போட்டீர்கள். முன்னும் பின்னும் வழி வைத்தீர்கள், ஒன்று அடைத்தாலும் வண்டி மற்றதில் வெளியேற. கணக்கை முடித்துவிட்டுத்தான் போனீர்கள். அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது.

அனுமதி தரவேண்டிய அதிகாரி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. டீ வரவழைத்தார், உங்களைப் பற்றி விசாரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பள்ளிவாசல் மாதிரி தெரியுதுப்பா. காலம் சரியில்ல. வரைஞ்சவங்க பேரையும் பாப்பாங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றார். சுற்றிலும் உயரமாக ஒரு கைப்பிடிச் சுவர் எழுப்பி மறைத்துவிட்டால் உடனே கையெழுத்தாகிவிடும் என்றார்.

நீங்களாக இருந்தால் சண்டை போட்டிருப்பீர்கள். நான் சரி சார் என்று எழுந்து வந்துவிட்டேன். கோபம்கூட வரவில்லை, மச்சான். அபிராமபுரம் ஆபீசில் உங்கள் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து சுவரை வரைந்தேன். தட்டையான சுவர் காற்றை முழுக்க வாங்கும், இடிந்தால் இரண்டு வாசலிலும்தான் விழும் என்பது எனக்குத் தெரியாததா? தெரிந்தே கோடு போட்டேன். கை அதுபாட்டுக்குப் போட்டது.

அக்கா அப்போது உங்களுக்காக நாலு மாதம் பத்து நாள் இத்தாவில் இருந்தாள். வாசல் தாண்டுவதில்லை என்பதால் ஆபீஸ் சேதிகளை நான்தான் மந்தைவெளி வீட்டுக்குக் கொண்டுபோவேன். வரைபடத்தைக் காட்டச் சொன்னாள். சுவரைப் பார்த்தாள், ஏன் என்று கேட்டாள், சொன்னேன். கீழே மூலையில் இருந்த உங்கள் பெயரைத் தொட்டுக் காட்டினாள்.

"சுவர் வேணும்னா உன் பேரைப் போட்டுக்க சலீம். அவர் பேரை எடுத்துடு."

டிரேசிங் தாளில் மசியை பிளேடால் சுரண்டித்தானே எடுப்போம்? அங்கேயே பிளேடை எடுத்தேன். உங்கள் பெயருக்குப் பக்கத்தில் கையே போகவில்லை. சுவரைச் சுரண்டினேன். அக்கா தாளின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள், கடைசிக் கோடு போகும்வரை விடவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு அந்தத் தாளையே கொண்டுபோனேன். சுவர் எங்கே என்றார் அதிகாரி. உங்களைப் போல விளக்கமாகப் பேச எனக்கு வராது. "சுவர் இடிஞ்சா வாசல்லதான் சார் விழும், வண்டி உள்ளயே மாட்டிக்கும். பள்ளிவாசல் மாதிரி தெரிஞ்சா தெரியட்டும் சார். வண்டி வெளிய வந்தா போதும்" என்றேன். குரல் நடுங்கியது. இத்தனை நாளில் என் உடம்பில் அசைந்த முதல் விஷயம் அதுதான்.

கூட்டத்துக்கு வந்திருந்த தீயணைப்பு நிலைய அதிகாரி தேவராஜ்தான் பேசினார். மூலையே இல்லாத கட்டடத்தில் சாமி படத்தை எங்கே மாட்டுவது என்று உங்களையே மடக்கினாரே, அவர்தான். "செவப்பு பெயிண்ட் அட்சிட்லாம் சார், வண்டி கலர்லயே. அப்பால யாரு இன்னா சொல்லப் போறான்?" அதிகாரி சிரித்துவிட்டார். கையெழுத்தாகிவிட்டது.

எனக்குச் சிரிப்பும் வந்தது, தாமதமாகக் கோபமும் வந்தது. ஒரு கூரை தான் யாருக்கும் பகையில்லை என்று காட்டிக்கொள்ளச் சாயம் பூசிக்கொள்ள வேண்டுமா? நீங்கள் இருந்திருந்தால் ஒத்துக்கொண்டிருப்பீர்களா, மச்சான்? தெரியவில்லை. நான் ஒத்துக்கொண்டேன்.

மற்றபடி, தேவராஜ் சாமி படத்துக்கு டெலிபோன் பக்கத்தில் ஒரு மேஜை போடப்போகிறார். குவிமாடத்தில் ஆணி அடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அக்கா இத்தா முடிந்து ஆபீசுக்கு வருகிறாள். உங்கள் நாற்காலியில் உட்காருவதில்லை, ஆனால் அதைத் துடைக்கிறாள். நேற்று தளத்துக்கும் வந்தாள். எல்லோரும் லட்டு தின்றுகொண்டிருக்க, அவள் உள்ளே போய் நடுவில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாசலோடு நின்றுவிட்டேன். உள்ளே போகக் கால் வரவில்லை. நீங்கள் இல்லாமல் முடிந்துபோன ஒன்று அது என்பதை எப்படி ஒத்துக்கொள்வது?

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். மழைக்காலம் வரும். முதல் புயல் எச்சரிக்கையைக் கேட்டதும் பாயைச் சுருட்டிக்கொண்டு அங்கே போய்விடுவேன். காற்று அடித்து ஓயும்வரை வண்டிக்குப் பக்கத்திலேயே படுத்திருப்பேன். கணக்கு போட்டது நீங்கள். அதற்கடியில் பயமில்லாமல் தூங்குவேன். அழுகை வந்தால் அங்கே வரட்டும்.

உங்கள் ஜமீலாவின் தம்பி,
உங்கள் மச்சினன்
சலீம்