மஸ்டாங்கின் வலப்பக்க சீட்டு

மார்ச் 9, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் அருமைநாயகம் அத்தான் வந்தார். என் கணவர் செல்வதுரை இறந்து எட்டு மாதமாகிறது. தன் தம்பியின் மஸ்டாங் காரைக் கோயம்புத்தூர்க்காரர் ஒருவருக்குக் கொடுப்பதாக என்னைக் கேட்காமலே வாக்குக் கொடுத்துவிட்டாராம். விற்பனைப் படிவத்தையும் கையோடு கொண்டுவந்திருந்தார். ஆர்.சி. என் பெயருக்கு மாறிவிட்டதால் என் கையெழுத்துதான் பாக்கி.

"ஓட்ட ஆளில்லாத வண்டி ஷெட்டுல கிடந்து துருப்பிடிக்கணுமா, ஷீலா?"

"நான் ஓட்டுதேன் அத்தான்."

சிரித்தார். "இது உன் ஆல்டோ இல்லம்மா. ஸ்டியரிங்கு இடதுபக்கம். அது ஆம்பள வண்டி."

அவர் மனைவி பிளாரன்ஸ் அக்கா காபித் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 10

கையெழுத்துப் போடவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

அறுபத்தாறாம் வருட மாடல். யாரோ ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர் கப்பலில் கொண்டுவந்து இறக்கி, ஊர் திரும்பும்போது விட்டுப்போனது. நானும் செல்வதுரையும் அதைப் பார்த்தபோது ஒரு பஞ்சு குடோனில் கிடந்தது. சீட்டுக்குள் பெருச்சாளி குடும்பம். அதை ஓடவைக்க நான்கு வருடம் ஆயிற்று. துறைமுகத்தில் வேலை முடிந்து அவர் வருவார், பள்ளிக்கூடம் முடிந்து நான் வருவேன். கார்புரேட்டரைச் சுத்தம் செய்தது என் பழைய டூத்பிரஷ்.

ஓட்டியது மட்டும் அவர். ஒருநாளும் 'நீ ஓட்டாதே' என்று சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. ஏன் கேட்கவில்லை?

மார்ச் 23, ஞாயிறு

விடியற்காலையில் எடுத்தேன். கியர் போடும்போதெல்லாம் இடக்கை கதவில் போய் முட்டியது. அதைச் சமாளித்தேன். ஆனால் முள்ளக்காட்டில் ஒரு உப்பு லாரி முன்னால் வந்து மாட்டியது. நான் உட்கார்ந்திருப்பது சாலையோரமாக. லாரியைத் தாண்டி எதிரே என்ன வருகிறது என்றே தெரியவில்லை. வண்டியைக் கொஞ்சம் வலப்பக்கம் எடுத்து எட்டிப்பார்த்தேன். திருச்செந்தூர் பஸ் நேராக வந்தது. உயிர் தப்பியது பெரிய விஷயம். பழையகாயல் வரை அந்த லாரியின் பின்பலகையைப் பார்த்தபடியே போனேன்.

சாயங்காலம் அத்தான் போன். "உப்பு லாரிக்குக் காவல் போனியாமே?" யாரோ பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள்.

போனை வைத்துவிட்டு அழுதேன். என்னத்துக்கு அழுதேன்? பயத்துலயா, கோவத்துலயா? ரெண்டும்தான். படிவத்த எடுத்து மேசையில வச்சேன். பேனாவையும் எடுத்தேன்.

மார்ச் 24

நேற்று போடவில்லை. பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தபோது வேறொன்று நினைவுக்கு வந்தது.

பதினாறு வருடம் நான் உட்கார்ந்தது வலப்பக்க சீட்டில். லாரிக்குப் பின்னால் போனதும் அவர் என் முகத்தைப் பார்ப்பார். நான் 'பொறு' என்பேன். 'போ' என்பேன். நான் சொல்லாமல் செல்வதுரை ஒரு மாட்டுவண்டியைக்கூட முந்தியதில்லை. ஊரெல்லாம் அவரைத்தான் சூரன் என்றது. நானும் அதை நம்பிக்கொண்டிருந்தேனே!

பாதி வண்டியை நான் ஏற்கெனவே ஓட்டியிருக்கிறேன். மிச்சப் பாதியைத்தான் பழக வேண்டும். வலப்பக்கம் ஒரு ஆள் வேண்டும்.

ஏப்ரல் 2

வலப்பக்கம் உட்கார ஆள் தேடுவதை ஞாயிறன்று ஆராதனையில் சொல்லியிருந்தேன். பிளாரன்ஸ் அக்கா தனியாக வந்தார். வாசல்படியிலேயே கேட்டார்: "ஏளா, அந்தப் பக்கம் உக்காரதுக்கு லைசென்ஸ் வேணுமா?"

"வேண்டாம் அக்கா."

"அப்ப நான் வாரேன்."

ஏப்ரல் 6, ஞாயிறு

அக்கா முதலில் தாமதமாகச் சொன்னார். பிறகு எதிரே மாடு வருவதைக் கவனிக்காமல் 'போ' என்றார். நடுரோட்டில் சண்டை போட்டோம்.

"மாடு ஓரமாத்தான வந்துச்சு!"

"மாட்டுக்குத் தெரியுமா அக்கா, ஓரம் எதுன்னு?"

ஆறுமுகநேரியில் டீ குடித்துவிட்டுத் திரும்பும்போது சரியாகச் சொன்னார். முந்தினேன். அக்கா கூவிய கூவலில் லாரி டிரைவரே திரும்பிப் பார்த்தார். அத்தான் பக்கத்தில் மூச்சுவிடுவதுகூடக் கேட்காதே, இவ்வளவு சத்தத்தை எங்கே வைத்திருந்தார்?

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

அறுபத்துநான்கில் இதே தேதியில்தான் நியூயார்க்கில் மஸ்டாங்கை உலகத்துக்குக் காட்டினார்கள். முதல் நாளே இருபத்திரண்டாயிரம் பேர் கேட்டு வந்தார்களாம். ஆனால் இரண்டு நாள் முன்பே சிகாகோவில் ஒன்று விற்றுவிட்டது. வாங்கியது யார்? இருபத்திரண்டு வயது டீச்சர்!

ஆம்பள வண்டியாம்.

நீண்ட முகம், குட்டையான பின்பக்கம். பார்த்தால் பெரிய பணக்காரத் தோரணை. பிரித்துப் பார்த்தவளுக்குத் தெரியும், அடியில் இருப்பது சாதாரணக் குடும்பக் காரின் சட்டகம். மாதச் சம்பளக்காரர்கள் வாங்கட்டும் என்று செய்த வண்டி. முள்ளக்காட்டு டீக்கடையில் இன்றைக்கும் எல்லாரும் எழுந்து வந்து பார்ப்பது அதனால்தானோ? எட்டாத உயரத்தில் நிற்காமல், 'நீயும் ஏறு' என்கிறது.

ஏப்ரல் 27, ஞாயிறு

கோயம்புத்தூர்க்காரரை அத்தான் கூட்டிவந்தார். "சாவியக் குடு, ஓட்டிக் காட்டுதேன்."

"நானே காட்டுதேன் அத்தான்."

நான் இடப்பக்கம் ஏறினேன். அக்கா வலப்பக்க சீட்டை மடக்கி, பின்னால் கைகாட்டினார். இரண்டு ஆண்களும் முழங்காலைத் தாடைக்குக் கொடுத்து உட்கார்ந்தார்கள்.

முள்ளக்காட்டில் இரண்டு உப்பு லாரிகள், ஒன்றன்பின் ஒன்றாக.

"பொறு," என்றார் அக்கா. "பொறு... பஸ்ஸு போவட்டும்... போ ஏளா!"

போனேன். இரண்டையும் தாண்டினேன். பின்னாலிருந்து அத்தான், "ஏசுவே," என்றார்.

வீடு திரும்பியதும் வந்தவர் கேட்டார்: "இதை எதுக்குங்க விக்கறீங்க?"

"விக்கலை. காட்டுதேன்னுதான் சொன்னேன்."

அத்தான் முகம் கறுத்துவிட்டது. விடைபெறாமல் கிளம்பினார். அக்கா பின்னாலேயே போகவில்லை. இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

மே 3

எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் சொட்டுகிறது. எங்கிருந்து என்று பார்க்க ஒரு வெள்ளைக் காகிதம் தேவைப்பட்டது. படிவத்தை விரித்தேன்.

மே 11, ஞாயிறு

இரண்டு வாரம் பேசாமலிருந்த அத்தான் இன்று போன் செய்தார். குரும்பூரில் வியாழக்கிழமை கல்யாணமாம். பஸ்ஸில் வர அக்கா மறுக்கிறாராம். கொஞ்ச நேரம் கனைத்தார்.

"உன் வண்டியில எடம் இருக்கா, ஷீலா?"

"பின்னால இருக்கு அத்தான்."