இறாலுக்குக் காய்ந்த நெல்லி

1999 ஜனவரி 9, சனி

விடியலிலிருந்து தூறல். மேல்மலை தெரியவில்லை. அரைநாள் வேலை. பிறகு புல்மலைக்குப் போய் நெல்லி. ஒரு சாக்கு நிறையவில்லை. கை முழுக்கக் கீறல்.

சிலாபத்து இறால் முதலாளிக்குக் காய்ந்த நெல்லி நாலு சாக்கு வேண்டும். அதை ஏற்ற டிரைவர் சுனிலின் லொறி 21ஆம் திகதி வரும். 22 காலை அங்கே என் வீட்டுக்காரருக்கு முதலாண்டு நினைவுப் பூசை.

சிலாபத்துப் பக்கம் இறால் குளத்து வேலைக்குப் போனவர். குளத்துத் தண்ணீரைக் கலக்கிச் சுற்றுகிற சக்கரத்தின் கரண்ட் வயர் தண்ணீரில் கிடந்ததாம். செய்தி இந்தத் தோட்டத்து லயத்துக்கு வந்தபோது அங்கே அடக்கம் முடிந்திருந்தது. சேமக்காலையில் அவர் குழி எந்த மூலை என்றுகூட எனக்குத் தெரியாது.

பஸ்ஸில் போக வழியில்லை. பிறப்புப் பதிவு இல்லை, அதனால் அடையாள அட்டை இல்லை. செக்பொயின்டில் ஆமி இறக்கிவிட்டால் யார் வந்து எனக்காகப் பேசுவது? சுனிலை வழியில் எல்லாருக்கும் தெரியும். இறால் முதலாளியும் எனக்காகச் சிங்களத்தில் ஒரு கடிதம் கொடுத்திருக்கிறார். நெல்லி ஏறினால் நானும் ஏறலாம். நெல்லி இல்லையென்றால் லொறி அந்தப் பக்கமே போகாது. மரக்கறி ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போய்விடும்.

10, ஞாயிறு

மழை. நெல்லி பரப்ப இடமில்லை.

அவருடைய கடைசிக் கடிதத்தை மறுபடி எடுத்தேன். மடிப்பில் கிழிகிறது.

"பிலோமி, பக்கத்துக் குளத்துல வெள்ளைப் புள்ளி நோய். இறால் செத்துக் கரையில ஒதுங்குது. கிறிஸ்மஸுக்கு வந்தப்ப கொண்டாந்த நெல்லிய இடிச்சு, தீனியில பெசஞ்சு, முட்ட வெள்ளக்கரு பூசிப் போட்டேன். தட்டத் தூக்கிப் பாத்தா ஒண்ணும் மிச்சமில்ல. நம்ம குளத்துல இன்னும் ஒண்ணும் சாகல. முதலாளி என்னய டொக்டர்னு கூப்பிடுறாரு."

நெல்லியால்தான் பிழைத்ததா, யாருக்குத் தெரியும். முதலாளி நம்புகிறார். டொக்டர் போய்விட்டார். நெல்லி மட்டும் கேட்கிறார்கள்.

14, வியாழன்

லயத்தில் பொங்கல். நம் வீட்டில் பானை வைக்கவில்லை. அடுத்த வீட்டு முத்தம்மா ஒரு கிண்ணம் கொண்டுவந்தாள். மூலையில் குவித்திருந்த நெல்லியைப் பார்த்தாள்.

"ஏன்டி, நம்ம புள்ளைங்க இருமிச் சாகுது. இறாலுக்கு டொனிக்கா?"

"அது விடியக்கால பெரட்டுக்கு வந்து பேரு குடுக்குதா, மழையில நனையுதா. தின்னுட்டுப் போகட்டும்."

சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு நெல்லியைக் கிளறினேன். அடியில் பூசணம்.

அழுகை வரவில்லை. கோபம்தான். மழை மேல், மலை மேல், இந்த ஒற்றை அறை மேல்.

கொழுந்தன் சூசை வந்தான். தேயிலை பெக்டரியில் காயவைக்கிற மிஷினில் வேலை. நெல்லியை முகர்ந்து பார்த்தான்.

"அண்ணி, இதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க? ஞாயித்துக்கிழமை மிஷின் சும்மாதான் கெடக்கும். தொரைக்குத் தெரியாம போட்டுத் தாரேன்."

17, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. பூசணம் பிடித்ததைக் கழித்துவிட்டு நேற்றே கொட்டை எடுத்து நசுக்கினோம். தேயிலைக் கொழுந்து போலவே விரித்து, நிறம் திரும்பும்வரை விட்டு, இன்று மிஷினில். சூசை கை நிறைய அள்ளிக் காட்டினான்.

"பாத்தீங்களா, என்னமா கறுத்திருக்கு! மொத தரம்."

முறுக்கென்று இருந்தது. நல்ல கறுப்பு. எனக்கும் சந்தோசம். பன்னிரண்டு வயதிலிருந்து தேயிலையில் கிடக்கிறவள், கறுத்தால்தான் சரக்கு என்று தெரியாதா.

இந்த வாரம் தினமும் பறித்ததும் சேர்த்து நாலு சாக்கு. வாய் தைத்தாயிற்று.

கொண்டுபோக: மெழுகுதிரி, தீப்பெட்டி, வெள்ளைச் சீலை, முதலாளியின் கடிதம், அவர் செபமாலை. வீட்டு வாசல் மண் கொஞ்சம்.

கங்காணியிடம் இரண்டு நாள் லீவு சொன்னேன். "ரெண்டு நாளுன்னா ரெண்டே நாளு. பேரு வெட்டுனா காம்பராவும் போயிரும், பாத்துக்க." காம்பரா என்றால் இந்த அறைதான்.

21, வியாழன்

மத்தியானம் லொறி. நான் வெள்ளைச் சீலையோடு தயாராக நின்றேன்.

சுனில் ஒரு சாக்கைப் பிரித்தான். ஒரு துண்டு கடித்தான். துப்பினான்.

"அக்கே, இது என்ன? தேத்தண்ணி போடவா?"

"நெல்லிதான் தம்பி. நல்லா காஞ்சது."

"ஐயோ. நெருப்புல காய வச்சதா? முதலாளி வேணாம் சொல்லும். நிழல்ல காயணும், வெள்ளையா இருக்கணும். சூடு பட்டா சத்து போகும். இத போட்டா இறால் தின்ன மாட்டுது, தட்டுல அப்படியே கெடக்கும்."

சூசைக்கு ஆத்திரம். "கறுத்தாத்தானேய்யா சரக்கு!"

சுனில் சிரிக்கப் போனான். என் சீலையைப் பார்த்தான். சிரிக்கவில்லை.

"அக்காவ ஏத்த ஏலும். ஆனா நான் இப்ப அந்தப் பக்கம் போறது இல்ல."

"நாளைக்குப் பூசை தம்பி."

பிரித்த சாக்கின் வாயைத் திரும்பக் கட்டினான். பெப்ரவரி 5 திரும்ப வருவானாம். வெள்ளையாக வைக்கச் சொன்னான்.

வளைவில் லொறி மறையும்வரை சூசை என் முகத்தைப் பார்க்கவில்லை. அவனைத் திட்ட மனமில்லை. நானும்தானே கறுப்பைக் கண்டு பூரித்தேன்.

22, வெள்ளி

பனி. ஆறு மணிப் பெரட்டு, பேர் கொடுக்கிற வரிசை. அங்கே சிலாபத்தில் இப்போது பூசை மணி அடித்திருக்கும்.

"லீவுன்னியே?" என்றார் கங்காணி.

"போகலீங்க."

"நல்லதாப் போச்சு. வா, பேரு போடுறேன்."

மத்தியானம் கொழுந்து நிறுத்ததும் கூடையை இறக்கிவிட்டேன்.

"இப்பப் போனா அரைப் பேருதான் விழும், அரைநாள் சம்பளம், பிலோமினா."

"விழட்டுங்க."

புல்மலை. இருட்டுமுன் ஒரு சாக்கு. நசுக்கவில்லை, மெல்லியதாகச் சீவினேன். விரல் எரிகிறது. அடுப்புப் புகை படக்கூடாது என்று அடுப்பு மூட்டவில்லை. முத்தம்மா சோறு கொடுத்தாள்.

மெழுகுதிரியைக்கூட வாசலுக்கு வெளியேதான் கொளுத்தினேன். சூடு ஆகாதே.

தரையெல்லாம் ஈரம். காய்ந்த இடம் கட்டில் ஒன்றுதான். ஒரு வருசமாக அவர் பக்கம் கை வைக்காமல் இருந்தேன். இன்று அவர் பக்கம் சீவிய நெல்லியைப் பரப்பினேன். போதவில்லை. என் பக்கமும் பரப்பிவிட்டேன்.