பரீட்சை இருக்கிறது, வர முடியாது

அன்புள்ள அண்ணனுக்கு, ஜெர்மனியிலிருந்து தங்கை சகாயம்மாள் தோத்திரம் சொல்லி எழுதுவது. முழங்கால் வீக்கம் வடிந்ததா? அண்ணி இறந்துபோனபிறகு நீங்கள் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று உங்கள் மகள் பெனிஷா சொன்னாள்.

நான் என் மகள் வீட்டில் பேரன் இவானைப் பார்த்துக்கொண்டு சுகமாக இருக்கிறேன். அவன் பள்ளிக்குப் போனதும் நானும் இந்த ஊர்ப் பாஷை படிக்கப் போகிறேன். வகுப்பில் நான்தான் முதல். போன வாரம் டீச்சரம்மா, ஏன் அஞ்சாவதோடு படிப்பை விட்டாய் என்று கேட்டாள். அண்ணன் மெட்ராஸில் பாடி என்ற இடத்தில் ஃபேக்டரி வேலைக்குச் சேர்ந்தார், மத்தியானம் அவருக்குச் சுடுசோறு கொண்டுபோக ஆள் இல்லை என்றேன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் கோபம் வந்தது. "அவ படிச்சு இன்னா பண்ணப் போறா நைனா, சோத்த எத்துகினு வரட்டும்" என்று நீங்கள் அப்பாவிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

இப்போது வந்து சமைத்துப் போடச் சொல்லி போனில் அழுகிறீர்கள். வரமாட்டேன். அடுத்த மாதம் எனக்குப் பரீட்சை. வானகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் விசாரித்தேன், ஒரு கட்டில் காலியாம். பெனிஷாவும் சரி என்றுவிட்டாள். திங்கட்கிழமை கார் வரும்.

கிளம்பும் முன் அம்மா படத்தைக் கழற்றி எனக்கு அனுப்பும்படி பெனிஷாவிடம் சொல்லுங்கள். பகலில் இங்கே பேச ஆள் இல்லை.

பரீட்சை முடிந்ததும் வருவேன் என்று காத்திருக்க வேண்டாம். அடுத்த வகுப்புக்கும் பேர் கொடுத்துவிட்டேன். இவான் வந்துவிட்டான்.

சகாயம்மாள்