சாலை நோக்கிய கதவு

9 அக்டோபர், திங்கள்

காலையிலிருந்து தூறல். யோங் பெங்கில் லாரியை விட்டு இறங்கியதுமே பூட்ஸுக்குள் தண்ணீர். வலது பூட்ஸ் வாய் பிளந்துவிட்டது. சம்பான் படகுக்காரர் பாக் மானுக்கு இருமல். எனக்கும் தொற்றாமல் விடாது.

மேலாற்றுக் குடியிருப்பு. ரப்பர் தோட்டத்தில் ஆள் குறைத்தபோது வெளியே வந்தவர்கள், சர்க்கார் கொடுத்த காட்டு நிலத்தில் வீடு கட்டுகிறார்கள். கடன் எங்கள் சங்கத்துடையது. அதன் கிராணி நான் போய்ப் பார்த்து, சரி என்று எழுதினால்தான் கூரைக்குத் தகரம் வரும்.

பார்க்க வேண்டியவை: தூண். சுவர். அடுக்களை தனியாக. சாலையை நோக்கிய கதவு, பூட்டுடன்.

எல்லாம் ஜொகூர் பாருவில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து எழுதியது. முன்பு தூணும் கல்லில்தான் வேண்டும் என்றார்கள். இந்தச் சேற்றில் கல் தூண் நிற்குமா? மரம் போதும் என்று மாற்ற ஒரு வருஷம் எழுதிக் கிழித்தேன். சாலையும் இங்கே கிடையாது, வீடெல்லாம் ஆற்றைப் பார்த்துத்தான். ஆற்றையே சாலை என்று எழுதிவிடுவது என் வழக்கம். இதுவரை யாரும் கேட்டதில்லை.

இன்று மாரிமுத்து வீடு. நல்ல தூண், நேரான பலகைச் சுவர். மனிதருக்குக் கை வேலை தெரியும். கதவு மட்டும் இல்லை. வாசல் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஓட்டை. நிலை எங்கே என்றால், பக்கத்தில் குடியிருக்கிற அத்தாப்பு ஓலைக் கொட்டகையைக் காட்டினார். உள்ளே சாக்கில் சுற்றிப் படுக்க வைத்திருக்கிறது. செங்கால் மரம், பூ வேலை எல்லாம் செய்து.

"செஞ்சு வச்சிட்டு ஏன் நிறுத்தல?"

"சம்சாரம் முழுகாம இருக்குங்கய்யா. ஏழாம் மாசம். வயித்துப் புள்ளைக்காரி இருக்கிற வீட்ல நிலை வெக்கக் கூடாது. புள்ள பொறந்து முப்பது கழியட்டும், உடனே வெச்சிர்றேன்."

"கதவில்லாம நான் சரி எண்டு எழுதேலாது."

"தெரியுதுங்கய்யா."

அவர் மனைவி செல்லம்மா கொட்டகைக்குள் ஒழுகாத மூலையில் உட்கார்ந்திருந்தாள். ஒழுகாத மூலை அது ஒன்றுதான். அங்கிருந்தே சொன்னாள்: "ரெண்டு தங்கலங்கய்யா. தோட்டத்துல. இது மூணாவது."

நோட்டை மூடி வைத்தேன்.

10 அக்டோபர், செவ்வாய்

கோப்பிக் கடை மாடி அறை. மூட்டைப்பூச்சி. காய்ச்சல் வராமலிருக்கக் கொய்னா மாத்திரை போட்டதில் காது இரைகிறது.

நேற்று எழுத மறந்தது. மாரிமுத்துவுக்கு அடுத்த வீடு லெட்சுமி. புருஷன் காய்ச்சலில் போய்விட்டான், இரண்டு பெண் குழந்தைகள். சுவர் இன்னும் பாதிதான், ஆனால் கதவை முதலில் மாட்டிவிட்டாள். சங்கத்தில் கதவு கேட்பார்கள் என்று யாரோ சொன்னார்களாம். பூட்டும் வாங்கித் தேங்காய் எண்ணெய் போட்டு வைத்திருக்கிறாள். திறந்து மூடி, திறந்து மூடிக் காட்டினாள். "நல்லாருக்காங்கய்யா?" நல்ல கதவு என்றேன். பின்பக்கச் சுவருக்கு இரட்டைப் பலகை. மரவள்ளிக்காகக் காட்டுப் பன்றி அந்த வழியாகத்தான் வருகிறதாம். அவள் வீட்டைப் பார்க்கும் முறை அடுத்த மாதம்.

மாரிமுத்து விஷயமாக ஆபீசுக்கு எழுதினேன். கூரையை முதலில் கொடுங்கள், கதவைப் பிறகு வந்து பார்க்கிறேன் என்று. எழுதும்போதே தெரியும்.

பூட்ஸ் தைக்கக் கொடுக்க வேண்டும். சோப்பு. மெழுகுவர்த்தி.

16 அக்டோபர், திங்கள்

ஜொகூர் பாரு. வெயில். தலைமைக் கிராணி கூப்பிட்டார். என் கடிதத்தை நுனி விரலால் பிடித்துக்கொண்டு:

"உமக்கு என்ன பிடிச்சிருக்கு? வயித்துப் பிள்ளைக்காரி எண்டு துரைக்கு எழுதேலுமே? பூட்டில்லாத வீட்டுக்குத் தகரம் குடுத்தா, அவன் அதை வித்துப்போட்டு நிப்பான்."

அந்த ஆற்றங்கரையில் யாருக்கு விற்பான், பன்றிக்கா. சொல்லவில்லை. வேறொன்று கேட்டேன்.

"உங்கட வீட்டு முன்விறாந்தை வேலை ஏன் நிக்குது?"

"மகள் பேறுக்கு வந்திருக்கிறாளெல்லே."

"அப்ப?"

"அது வேற, இது வேற."

எரிச்சலாக வந்தது. சிரிப்பும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு மேசைக்குத் திரும்பினேன். ஊரிலிருந்து கடிதம் இல்லை.

17 அக்டோபர், செவ்வாய்

மத்தியானம் வேறு எதற்கோ நில அளவைப் படத்தை விரித்தபோது கண்ணில் பட்டது. மேலாற்று வீடுகளுக்குப் பின்னால் புள்ளி புள்ளியாக ஒரு கோடு. சாலை என்றே போட்டிருக்கிறது. பழைய மாட்டு வண்டித் தடம். இன்று அதில் போவது பன்றி மட்டும்.

ஆனால் படத்தில் சாலை. அதை நோக்கி இருப்பது வீட்டின் பின்பக்கம், அடுக்களைப் பக்கம். அப்படியானால் சங்கம் கேட்கும் கதவு அடுக்களைக் கதவுதானே. அடுக்களைக் கதவுக்கு யார் நிலை பூஜை செய்கிறார்கள்?

சந்தோஷமாக இருந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு. ராத்திரி இரண்டு தோசை கூடச் சாப்பிட்டேன்.

19 அக்டோபர், வியாழன்

மறுபடி மேலாறு. தைத்த பூட்ஸ் கடிக்கிறது. ஆற்றில் மரக்கட்டைகள் மிதந்து வருகின்றன. "ஆயர் நாயெக், கிராணி" என்றார் பாக் மான். தண்ணீர் ஏறுவது எனக்கும் தெரிகிறது.

மாரிமுத்துவிடம் சொன்னேன். நெடுநேரம் யோசித்தார். கொட்டகைக்குள் போய் மனைவியிடம் பேசினார். லெட்சுமியையும் கூப்பிட்டார்கள். மூன்று பேரும் குசுகுசு. நான் வெளியே நனைந்துகொண்டு, தீர்ப்புக்கு நிற்கிற ஆள் மாதிரி.

லெட்சுமிதான் வந்தாள். "அடுப்பங்கரைக் கதவுன்னா வெக்கலாங்கய்யா. அது போக வர்ற வழிதானே. நிலைவாசல்னா லட்சுமி வர்ற எடம், அதுலதான் கை வெக்கக் கூடாது."

"நீங்கதான் லெட்சுமி."

"நான் எந்த வழியா வேணா வருவேன்."

செல்லம்மா சிரித்தாள். அவள் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன்.

சாயங்காலத்துக்குள் பின்சுவரை அறுத்துச் சாதாரணச் சட்டம் அடித்து, ஒரு பலகைக் கதவைத் தொங்கவிட்டார் மாரிமுத்து. பூட்டு லெட்சுமியுடையது, இரவல். நான் பூட்டி இழுத்துப் பார்த்தேன். எழுதினேன்: சாலை நோக்கிய கதவு உண்டு, பூட்டுடன். படத்தில் சாலை இருக்கும் இடத்தையும் குறிப்பிட்டேன், யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்று. ஒரு வார்த்தை பொய் இல்லை.

4 நவம்பர், சனி

தகரம் லாரியில் போனது. துரை கையெழுத்துப் போடும்போது, "நல்ல யோசனை" என்றாராம். தலைமைக் கிராணி முகம் கோணலாக இருந்தது. எனக்குக் காய்ச்சல். கஞ்சி. படுக்கை.

21 நவம்பர், செவ்வாய்

அடைமழை. ஆறு கரை ஏறிவிட்டது, சம்பான் மரவள்ளிக்கு மேலேயே போனது.

செல்லம்மாவுக்குப் பெண் குழந்தை. முந்தாநாள். நாள் கணக்குக்கு முன்னாலேயே வந்துவிட்டதாம். லெட்சுமிதான் கூட இருந்து பார்த்தாள். கொட்டகை அதற்கு முதல் நாள் வெள்ளத்தோடு போய்விட்டது. தகரம் மட்டும் வந்திருக்காவிட்டால் அவள் எங்கே படுத்திருப்பாள் என்று நினைத்துப் பார்க்கக்கூட எனக்குப் பிடிக்கவில்லை.

முன்பக்க ஓட்டை வழியாக ஏறப் போனேன். மாரிமுத்து தடுத்தார். "அந்தப் பக்கம் வேணாங்கய்யா. அது இன்னும் வாசல் ஆகல. இப்ப தீட்டு வேற. முப்பது கழிச்சுத்தான் நிலை." ஆகவே வீட்டைச் சுற்றி, முழங்கால் தண்ணீரில், அடுக்களைக் கதவு வழியாகக் குனிந்து போனேன். உள்ளே காய்ந்த தரை. தகரத்தில் மழைச் சத்தத்தில் ஒன்றும் காதில் விழவில்லை, குழந்தையின் குரல் மட்டும் அதைத் தாண்டிக் கேட்டது. எலிக்குஞ்சு அளவுதான் இருக்கிறது, தொண்டை மட்டும் பெரிசு.

கண் கலங்கிவிட்டது. மழை என்று துடைத்துக்கொண்டேன்.

வரும் வழியில் லெட்சுமி கேட்டாள். "என் வீட்ட எப்பங்கய்யா பாப்பீங்க? சுவர் முடிஞ்சிருச்சு. மேல அத்தாப்பு அழுகிருச்சு, புள்ளைங்க சாக்கப் போத்திக்கிட்டுத் தூங்குதுங்க." அடுத்த வாரம் என்றேன். உங்கள் வீட்டில் இனிச் செய்ய ஒன்றும் பாக்கி இல்லை என்றும் சொன்னேன். பார்க்காமலே சொல்லியிருக்கக் கூடாது.

27 நவம்பர், திங்கள்

கோப்பிக் கடை அறைக்கு ஜொகூர் பாருவிலிருந்து சுற்றறிக்கை வந்தது. முதல் வரியில் என்னைப் பாராட்டி இருக்கிறது. கீழே:

மேலாற்று வீடுகளுக்குப் பின்னால் சாலை இருப்பது கிராணியின் அறிக்கையால் தெரியவந்திருக்கிறது. இனி அங்கே எல்லா வீட்டுக்கும் பின்பக்கக் கதவு, பூட்டுடன், கட்டாயம். ஆற்றைப் பார்த்த கதவு கணக்கில் சேராது.

இரண்டு தரம் படித்தேன். பிறகு பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு வெறுமனே உட்கார்ந்திருந்தேன்.

எழுதலாம். மாற்றவும் செய்வார்கள், தூண் மாதிரி. ஒரு வருஷம். அதுவரை லெட்சுமி கூரைக்கு என்ன வழி?

29 நவம்பர், புதன்

மழை விட்டிருக்கிறது. வானம் வெளுக்கவில்லை.

லெட்சுமி வீடு. கூட்டிப் பெருக்கி, வாசலில் கோலம்கூடப் போட்டிருந்தாள். கதவைத் திறந்து வைத்திருந்தாள், நான் அந்த வழியாக வர வேண்டும் என்று. வந்தேன். உட்காராமலே சொல்லிவிட்டேன். பின்சுவரை அறுத்துக் கதவு வைத்தால்தான் தகரம்.

"பின்னாலயா? அந்தப் பக்கம் பன்னிதாங்கய்யா வரும்."

"தெரியும்."

"இந்தக் கதவு நல்லாருக்குன்னு சொன்னீங்களே."

"நல்ல கதவுதான்."

பெரிய பெண் என் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். லெட்சுமி திட்டினால் தேவலை என்று இருந்தது. திட்டவில்லை. எழுந்து போய் முன்கதவிலிருந்து பூட்டைக் கழற்றி, முந்தானையால் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"இதே பூட்டு போதுமாங்கய்யா, இல்ல அதுக்கும் புதுசு வாங்கணுமா?"

போதும் என்றேன். வெளியே மாரிமுத்து ரம்பத்தை எடுத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார்.