தலை போகிற பக்கம் கையும் போகும்

சண்டை போட நான் பக்கத்தில் இல்லாமல் மேலே சும்மா உட்கார்ந்திருக்கும் என் அன்பு அத்தைக்கு,

முதலில் நல்ல சேதி. மாமா நன்றாக இருக்கிறார். இன்று காலையில்கூட அரும்பாவூர் கடைத்தெருவில், டீயில் சர்க்கரை இல்லை என்று ஒரு சண்டை போட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். நீங்கள் விட்டுப்போன வேலையை அவர் எடுத்துக்கொண்டார் என்று தெருவே பேசுகிறது.

"அவரு எப்ப நல்லா இல்லாம இருந்தாரு? என்னாடி மறைக்கிறே?" என்று நீங்கள் இடுப்பில் கை வைப்பது எனக்குத் தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள், வரிசையாகச் சொல்கிறேன். குறுக்கே மட்டும் பேசக் கூடாது.

திருமானூரில் உங்கள் தம்பி மகளின் நிச்சயதார்த்தத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, அரியலூர் பஸ் ஸ்டாண்டில் மாமா கை கால் இழுத்துக்கொண்டு விழுந்துவிட்டார். வலிப்பு. அதுவரை ஒருநாளும் வராதது. யாரோ ஓடிவந்து அவர் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். உங்கள் மகன் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். நான்தான் மாமாவை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். கண் விழித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "பஸ்ஸு போயிடுச்சா?"

பெரம்பலூரில் எடுத்த சிடி ஸ்கேனில் மூளையின் ஓரமாக ஒரு வெள்ளை வளையம் தெரிந்தது. நரம்பு டாக்டர் எதையும் ஒளிக்கவில்லை. "ரெண்டுல ஒண்ணும்மா. புத்துக்கட்டியா இருக்கலாம். இல்ல, நாடாப்புழு முட்டை வயித்துக்குள்ள போயி, மூளையில தங்கிக் கட்டுன கூடா இருக்கலாம். புழுன்னா மாத்திரையிலயே சரியாயிடும். எம்ஆர்ஐ எடுத்து, அந்த வளையத்துக்குள்ள கடுகு மாதிரி ஒரு புள்ளி தெரிஞ்சா அது புழுதான். தெரியலன்னா மண்டையைத் திறந்து பாக்குறதத் தவிர வழியில்ல" என்றார். மாமாவின் இளைப்பு நெஞ்சுக்கு அந்த ஆபரேஷனைத் தாங்க வலு உண்டா என்பதை அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அன்று நம் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. ஒரு கடுகளவு புள்ளியில் மாமாவின் உயிர் நின்றது. உங்கள் மகன் மட்டும், "நீதானே செல்வி எடுக்கப் போறே, அப்புறம் என்ன பயம்?" என்றார். எனக்குத்தான் பயம். வேலை பார்க்கும் ஸ்கேன் சென்டரில் தினமும் எம்ஆர்ஐ எடுக்கிறவள் நான். மாமாவின் தலையை எனக்குத் தெரியாதா?

அது போட்டோ மாதிரி ஒரு நொடியில் விழுகிற படமில்லை அத்தை. துண்டு துண்டாகப் பல நிமிடம் சேர்த்துக் கட்டுகிற படம். நடுவில் தலை ஒரு நெல்மணி அளவு நகர்ந்தாலும் எல்லாத் துண்டிலும் நிழல் விழுந்துவிடும். திருச்சியில் உங்கள் தலையை எடுத்தபோது என்ன நடந்தது? மைக்கில், படம் எடுத்த தம்பி "ஆடாதீங்க பாட்டி" என்றான். நீங்கள் உள்ளேயிருந்தே "யாருடா பாட்டி?" என்று சண்டைக்குப் போனீர்கள். திரும்பத் திரும்ப எடுத்தும் படம் கலங்கித்தான் வந்தது. மயக்கம் கொடுத்து எடுக்கலாம் என்று தேதி கொடுத்தார்கள். அந்தத் தேதி வருவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள்.

மாமா உங்களைப் போல் வாயாடி இல்லை. அவர் விஷயம் வேறு. நம் பக்கத்து ஆட்களுக்கு, ஒருவர் பேசும்போது தலையாட்டாமல் இருந்தால் மரியாதைக் குறைவு. "அசையாதீங்க" என்று மைக்கில் சொன்னால், "சரிங்க" என்று தலையை ஆட்டித்தான் ஒப்புக்கொள்வார்கள்! தினமும் இதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிறேன். அதிலும் இது, வாழ்நாள் பூராவும் நீங்கள் சொன்னதற்கெல்லாம் ஆட்டிப் பழகிய தலை.

வெள்ளி அரைஞாணைக் கழற்றவைப்பதற்கே ஒரு பஞ்சாயத்து ஆனது. அப்புறம் தலைக்குக் கூண்டை மாட்டி, இரண்டு பக்கமும் பஞ்சு வைத்து, காதில் ஹெட்போன் போட்டு உள்ளே அனுப்பினேன். டமடமவென்று சத்தம் தொடங்கியதும் "மாமா, அசையாம இருங்க" என்றேன். ஆட்டினார். படத்தில் ஒரு மண்டைக்குள் நான்கு மண்டை. சரி, பேசாமலே எடுப்போம் என்று வாயை மூடிக்கொண்டேன். குரல் நின்றதும் பயந்துபோய், "செல்வி, இருக்கியாம்மா?" என்று எழுந்திருக்கப் பார்த்தார். பேசினால் ஆட்டுகிறார், பேசாவிட்டால் எழுந்திருக்கிறார். நான் என்னதான் செய்ய?

படங்களைப் படிக்கும் எங்கள் டாக்டரம்மா உதட்டைப் பிதுக்கினார். "திருச்சிக்கு அனுப்பிடு செல்வி. மயக்கம் குடுத்துதான் எடுக்கணும். ஆனா இந்த நெஞ்சோட... அவங்களும் யோசிப்பாங்க." மறுபடியும் அதே திருச்சி, அதே மயக்கம், அதே தேதியா?

அப்போது நீங்கள்தான் நினைவுக்கு வந்தீர்கள். உங்கள் பேத்திக்கு நீங்கள் சோறூட்டும் அழகு இருக்கிறதே! நான் ஊட்டினால் பாதி கன்னத்தில், பாதி சட்டையில். "ஆட்டாதடி" என்று நான் கத்துவேன். நீங்கள் கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டு, "அது ஆட்டத்தான் செய்யும். தலை போற பக்கம் நம்ம கை போவணும். இதுகூடத் தெரியல, பெரிய ஸ்கேன் எடுக்குறாளாம்" என்பீர்கள். எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் உங்கள் கையிலிருந்து ஒரு பருக்கை கீழே விழாது.

எங்கள் இயந்திரத்துக்கு மென்பொருளைப் புதுப்பித்தபோது, அசைவைத் திருத்தும் வசதி ஒன்றும் சேர்ந்து வந்திருந்தது. நேரம் அதிகம் பிடிக்கிறது என்று யாரும் அதைத் தொடுவதில்லை. அது செய்வது நீங்கள் செய்ததைத்தான். ஒவ்வொரு துண்டுக்கும் நடுவில், தலை இப்போது எங்கே இருக்கிறது என்று சட்டென்று ஒரு பார்வை பார்க்கும். எந்தப் பக்கம், எவ்வளவு திரும்பியதோ, தன் பார்வையையும் அதே அளவு திருப்பிக்கொள்ளும். ரொம்பக் கெட்டுப்போன துண்டைத் தூக்கிப் போட்டுவிட்டுத் திரும்ப எடுக்கும்.

"இன்னும் ஒரே ஒரு தடவ டாக்டர், அசைவத் திருத்துற முறையில எடுத்துப் பாக்குறேன்" என்றேன். "வெளிய எத்தன பேரு காத்திருக்காங்க தெரியுமா?" என்றார். "அவங்க கால்ல வேணாலும் விழறேன்" என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி எடு என்று கையைக் காட்டினார்.

இந்தத் தடவை மாமாவிடம் அசையாதீங்க என்று நான் சொல்லவே இல்லை. அவர் ஹெட்போனில் உங்களைப் பற்றிப் பேசினேன். செட்டிகுளம் மலைப்படியில் பாதியில் உட்கார்ந்துகொண்டு, "முருகன் வேணும்னா எறங்கி வரட்டும்" என்று நீங்கள் அடம்பிடித்த கதையைச் சொன்னேன். உள்ளே சிரித்தார். தலையாட்டினார். அந்தக் கூண்டுக்குள் பெரிதாக ஆட்ட இடமில்லை, ஆனாலும் ஆடியது. ஆடிக்கொண்டே இருந்தது. நானும் விடாமல் பேசிக்கொண்டே இருந்தேன். இயந்திரம் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தது.

படம் வந்தது. ஒரே ஒரு மண்டை. அதில் வளையம். வளையத்துக்குள், ஓரமாக, கடுகு மாதிரி ஒரு புள்ளி!

ஐயோ அத்தை, நான் நாற்காலியை விட்டுக் குதித்துவிட்டேன். டாக்டரம்மா திரையில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். "புழுதான், சந்தேகமே இல்ல. செல்வி, இவரு அசையவே இல்லையா?"

"முடியுற வரைக்கும் ஆட்டிக்கிட்டேதான் டாக்டர் இருந்தாரு."

அவர் என் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். நான் வெளியே ஓடிப்போய் உங்கள் மகனைக் கட்டிக்கொண்டு அழுதேன். கூட்டத்தில் எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டுமே!

மாமாவுக்கு மட்டும் கோபம். "பன்னிக்கறி தின்னாத்தான அந்தப் புழு வரும்? அதத் தொட்டதே இல்ல நானு. புழுவுங்கறீங்களே, ஊருல தலகாட்ட முடியுமா?" என்றார். சரியாகக் கழுவாத பச்சைக் காய்கறியிலிருந்தும் அந்த முட்டை வரும் என்று நரம்பு டாக்டர் விளக்கினார். பிடுங்கிய முள்ளங்கியை வேட்டியில் ஒரு துடை துடைத்துக் கடிக்கிறவர்தானே? "கழுவித் தின்னா கை தேஞ்சா போயிடும்?" என்று நீங்கள் எத்தனை முறை கத்தியிருப்பீர்கள். அந்த வழக்கிலும் ஜெயித்தது நீங்கள்தான்.

மாத்திரைகள் வேலை செய்தன. போன வாரம் மறுபடியும் படம் எடுத்தேன், அதே முறையில், அவர் ஆட்ட ஆட்ட. வளையம் போய்விட்டது. ஒரு சின்னத் தழும்பு மட்டும் இருக்கிறது. வலிப்பும் திரும்ப வரவில்லை.

உங்கள் தலைக்குள் என்ன இருந்தது என்பது கடைசிவரை எங்களுக்குத் தெரியாமலே போய்விட்டது. தெரிந்திருந்தால் உங்களை நிறுத்திவைத்திருக்க முடிந்திருக்குமா? டாக்டரம்மாவைக் கேட்டேன், படமில்லாமல் எப்படிச் சொல்வது என்றார். அந்த வருத்தம் எனக்குப் போகாது. ஆனால் ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். தலை ஆடுகிறது என்று இனி யாரையும் முயன்று பார்க்காமல் நான் திருப்பி அனுப்ப மாட்டேன். கை நடுங்குகிறவரோ, பயந்து அழுகிற பிள்ளையோ, உங்களை மாதிரி பதிலுக்குப் பதில் பேசுகிறவரோ, யார் வந்தாலும் என் இயந்திரம் அவர்கள் பின்னாலேயே போகும். டாக்டரம்மாவிடமும் சொல்லிவிட்டேன், சம்மதித்துவிட்டார்.

இதை எழுத எழுத மாமாவுக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருக்கிறேன். உங்கள் பேர் வருகிற இடத்தில் எல்லாம் தலையாட்டுகிறார். ஆட்டட்டும் அத்தை. இனி எவ்வளவு வேண்டுமானாலும் ஆட்டட்டும்.

இப்படிக்கு,
நீங்கள் உயிரோடு இருந்தவரை உங்களுக்குத் தலையாட்டாத,
சோறூட்டும் விஷயத்தில் மட்டும் இப்போது ஆட்டுகிற,
உங்கள் மருமகள் செல்வி