ஓலையில் எஞ்சிய இடம்

நலமே சூழ்க. ஆறு பொய்யா நீர்வளமும் அறம் பொய்யா நெஞ்சமும் உடைய அத்திவரை நாட்டின் பெருமான், பன்னிரண்டு எல்லைக்கற்களும் தன் பெயர் தாங்க நிறுத்திய கோமான், திருமருதவேள் தேவர்க்கு யாண்டு ஒன்பதாவது தைத் திங்களில், அவர்தம் திருவாய்மொழி கேட்டு எழுதும் ஓலைநாயகம் நக்கன் பொழிலன், வடவெல்லையில் முகில்வாயில் என்னும் கணவாயைப் பதினான்கு ஆண்டுகளாகத் தனியே காத்து நிற்கும் மூங்கிற்குடி வேட்டனார்க்கு வணங்கி விடுக்கும் ஓலை.

முதற்கண் இவ்வோலை கொணர்ந்தவனுக்கு ஒரு குடுவை நீர் தருக. மலை ஏறிப் பழகாத கிழவன் அவன். ஓலை முடியும்வரை அவனை ஒன்றும் வினவ வேண்டா. அவனும் அதுவரை வாய் திறவான். நீரும் அமர்ந்தே வாசிக்க. சொல்ல வேண்டியது நீளமானது, அதில் பெரும்பகுதி என் பிழை.

ஒரு நாட்டுக்கு ஓலை விடுப்போர் அந்நாட்டின் குடிகளை நலம் வினவுதல் மரபு. உம் நாட்டில் குடிகள் இல்லை. ஆதலின், ஊற்றின் அருகே உள்ள ஒற்றை நெல்லிமரம் நலமோ என்றும், மேற்குப் பாறையின் எறும்புகள் இவ்வாண்டு மழைக்குத் தப்பினவோ என்றும், வழி தவறி ஏறி வந்த கொக்கு பின்னும் வந்ததோ என்றும் வினவுகின்றேன். இவற்றை நான் எங்ஙனம் அறிந்தேன் என்று நீர் திகைக்கலாம். அதைச் சொல்லவே இவ்வோலை.

எல்லைக் காவலர் விடுக்கும் திங்கள் ஓலையின் விதியை நீர் அறிவீர். தலைப்பகுதி அரசுக்கு உரியது; அதில் எல்லையின் நிலையன்றிப் பிறிதொன்று எழுதலாகாது. பின் குறுக்கே ஒரு கோடு. கோட்டுக்கு அப்பால் காவலன் தன் குறைகளை எழுதலாம். குறையே இல்லையாயினும் ஏதேனும் எழுதி ஓலையை நிரப்பியே ஆக வேண்டும். வெற்றிடம் விட்டால் பகைவன் கைப்பட்டு அங்கே ஒரு பொய் ஏறிவிடும் என்று முன்னோர் அஞ்சினர். மேலும், காவலனின் தவணை மூன்றாண்டு. மாற்றாள் வேண்டுவோன் தானே கேட்டல் வேண்டும். கேளாதவன் விரும்பி இருக்கின்றான் என்று கொள்ளப்படும். மாற்றாள் வாராமல் இறங்கினாலோ தலை போகும்.

இவை என் பாட்டனார் காலத்து விதிகள். இவற்றோடு என் கட்டளை ஒன்றும் சேர்ந்தது. பதினொரு ஆண்டுகளுக்கு முன் ஏடகத்தில் சுவடிகள் கூரையை முட்டின. கோட்டுக்கு அப்பால் காவலர் எழுதுவதெல்லாம் பொய்ப் பல்வலியும், ஒரே மாமனார் மூன்று முறை இறந்த செய்தியுமாக இருக்கக் கண்டு எனக்குச் சலித்துப் போயிற்று. வரும் ஓலைகளைக் கோட்டோடு நறுக்குக, அரசின் பகுதியை மட்டும் காக்க, மற்றதைப் படியாமலே தள்ளுக என்று ஆணையிட்டேன். நறுக்கிய துண்டுகளைச் சுவடிக் கட்டுகளின் மேலும் கீழும் வைத்தோம். பூச்சி வந்தால் முதலில் அவற்றைத் தின்னட்டும் என்பது கருத்து. சிக்கனமான ஏற்பாடு என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அது உம் மூன்றாம் ஆண்டு. உம் தவணை முடிந்த ஆண்டு.

அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் அறுவடை முடிந்ததும் ஒரு பெண் ஏடகத்து வாயிலில் வந்து நிற்பாள். முகில்வாயிலில் இருந்து சொல் ஏதும் உண்டோ என்பாள். நான் ஏட்டைப் புரட்டி, "எல்லை அமைதி" என்பேன். உண்மையில் அதுதான் அங்கே இருந்தது. ஓர் ஆண்டு அவள் போகாமல் நின்று, "அமைதி எல்லைக்குத்தானே ஐயா? அவருக்கு எப்படியாம்?" என்று கேட்டாள். அதை எழுத விதியில் இடமில்லை என்றேன். இடமிருந்தது, அந்த இடத்தை நறுக்கியவன் நான். அவள் உம் மனைவி சேந்தி. அன்று எனக்கு அவள்மேல் சினம் வந்தது என்பதையும் மறையாமல் எழுதுகின்றேன்.

சென்ற ஆடி வெள்ளத்தில் ஆறுகள் கரை மீற, ஓலைக்காரர் ஒருவரும் வரவில்லை. என் மனைவி மறைந்து இரண்டாண்டு ஆகிறது. வீட்டில் பேச ஆளில்லாமையால் பகலெல்லாம் ஏடகத்திலேயே கிடப்பது என் வழக்கம். வேலையின்றிப் பழங்கட்டு ஒன்றை உதறிக் காயவைக்கும்போது ஒரு துண்டு மடியில் விழுந்தது. கையெழுத்து சீராக இருந்ததால் கண்ணை ஓட்டினேன்.

*முகில் உள்ளே வந்தது.*
*கதவைச் சாத்தினேன்.*
*யாரோ உடன் இருப்பதாக*
*ஒரு பகல் கழிந்தது.*

வேலை வெட்டி இல்லாதவன் எழுதியது என்று கீழே வைத்தேன். வைத்த கை திரும்பவும் எடுத்தது. அன்று வீடு திரும்பிக் கதவைச் சாத்துகையில் எனக்கு அழுகை வந்தது. மனைவிக்குச் சிதை மூட்டிய அன்றுகூட அவையோர் பார்க்க அழலாகாது என்று அடக்கியவன் நான். முப்பதாண்டு ஓலை படித்தே வயிறு வளர்த்த எனக்கு வாசிப்பது இன்னதென்று அறுபத்தோராம் வயதில் தெரிய வந்தது.

மறுநாள் முதல் எல்லாக் கட்டுகளையும் அவிழ்த்தேன். எழுத்தர்கள் எனக்குச் சித்தம் கலங்கியதென்று தமக்குள் பேசிக்கொண்டனர். பூச்சி தின்றவை போக எஞ்சியவற்றுள், தலைப்பகுதியோடு கையெழுத்து ஒத்த உம் துண்டுகளை ஆண்டு வரிசையில் அடுக்கி, புதிய ஏட்டில் என் கையாலேயே எழுதி, "கோட்டுக்கு அப்பால்" என்று பெயரிட்டேன். உம்மைக் கேளாமல் பெயரிட்டதைப் பொறுத்தருள்க. கொக்கின் பாட்டை மூன்று முறை எழுதிப் பார்த்தேன்.

*தவறிப்போய் ஒரு கொக்கு*
*மலையேறி வந்தது.*
*ஊரைப் பற்றிக் கேட்டேன்.*
*நின்று கேட்டது.*
*பிறகு வழி தெரிந்து போயிற்று.*

அடுக்கி முடித்தபோதுதான் ஒன்று புலப்பட்டது. நான்காம், ஐந்தாம் ஆண்டுத் துண்டுகளில் பாட்டின் கீழே, மாற்றாள் விடுக்க வேண்டுகின்றேன் என்று நீர் எழுதியிருந்தீர். பின்னொன்றில், வேண்டுகின்றேன், இது ஏழாம் முறை என்றிருந்தது. ஆறாம் ஆண்டு முதல் நீர் கேட்கவே இல்லை. பாட்டுகளில் 'நான்' என்னும் சொல் அருகி வந்தது. எட்டாம் ஆண்டில் அறவே இல்லை. பூச்சி தின்றதோ என்று ஒளியில் பிடித்துப் பார்த்தேன். பூச்சி தின்னவில்லை.

*பாறை.*
*பாறைமேல் வெயில்.*
*வெயில் போயிற்று.*
*பாறை.*

புரட்டாசியில் நூல் பேரவையில் படிக்கப்பட்டது. அவைப்புலவர் பெருமக்கள், இதற்குப் பாட்டுடைத் தலைவன் யார், எறும்போ என்று நகைத்தனர். மன்னனைப் பாடாத நூலுக்கு மன்னன் அவையில் என்ன வேலை என்றும் வினவினர். பெருமானும் முதலில் நகைத்தார். பின் பாறைப் பாட்டை மீண்டும் படிக்கச் சொன்னார். மூன்றாம் முறையும் படிக்கச் சொல்லி, கவரி வீசுவோரை வெளியே அனுப்பிவிட்டார். அன்று முதல் அந்த நூல் அவர் இருக்கையை விட்டு அகலவில்லை. முன்பு நகைத்த புலவர்கள் ஐப்பசி பிறப்பதற்குள் ஆளுக்கொரு பாறையைப் பாடத் தொடங்கினர்; ஒருவர் தம் வீட்டு அம்மிக்கல்லையே பாடினார்.

அதன்பின் பெருமான் என்னை அழைத்து ஆணை ஒன்றை எழுதச் சொன்னார். வேட்டனுக்குப் பட்டாடையும் பொற்பூவும் அனுப்புக. நல்ல ஓலை நூறு அனுப்புக. இத்தகைய பாட்டு பிறக்கும் இடத்தை விட்டு அவனைப் பெயர்த்தல் ஆகாது, ஆதலின் வாழ்நாள் முழுதும் முகில்வாயில் அவனுக்கே உரியது.

சொன்னதை எழுதுவதன்றி எதிர்மொழி கூறுதல் ஓலைநாயகத்துக்கு இல்லை. எழுத்தாணி பாதி வழியில் நின்றது. பெருமானே, அவர் இறங்கி வர விரும்பினார் என்றேன். நூலில் அப்படி எங்கும் இல்லையே என்றார். நூலில் இல்லை, துண்டுகளில் உண்டு என்று சொல்லி, உம் வேண்டுகோள் ஏழையும் எடுத்து முன்வைத்தேன். இவற்றை ஏன் நூலில் சேர்க்கவில்லை என்று வினவினார். இவை பாட்டல்ல, அதனால் விட்டேன் என்றேன்.

பெருமான் என்னையே நோக்கினார். "இரண்டாம் முறையும் நறுக்கினீரோ?" என்றார்.

அவ்வளவு படித்தும், அவ்வளவு அழுதும், உம் பாட்டை எடுத்துக்கொண்டு உம்மைத் தள்ளிவிட்டேன். இப்பிழையை என்னைத் தவிர வேறெவனும் செய்திருக்க மாட்டான்.

பின்னர்ப் பெருமான் கூறியதை மாற்றாமல் எழுதுகின்றேன். இத்தனை பேர் நடுவில் இருந்தும் எம்மோடு ஒருவர் இருப்பதாக எமக்குத் தோன்றியது அந்நூலைக் கேட்கும்போது மட்டுமே. அதனால் அவனை அங்கேயே வைத்திருக்க விரும்பினோம். அது அன்பன்று, ஆசை. இவ்வாறு கூறி, உம் வேண்டுகோள் ஏழையும் நூலின் இறுதி ஏடாகச் சேர்க்கப் பணித்து, முன்னை ஆணையைத் தம் கையாலேயே அழித்தார்.

ஆயினும் கணவாயை ஒரு நாளும் ஆளின்றி விடலாகாது. மாற்றாள் யார் என்று அவையில் கேட்கப்பட்டது. பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்கள். முன்வரிசையில் இருந்தோர் அனைவரும் பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தனர். அம்மிக்கல்லைப் பாடிய புலவருக்கு அப்போதே முழங்கால் வலி கண்டது. முடிவில் ஒருவன் எழுந்தான். அவனுக்கு வில் பிடிக்கத் தெரியாது. முகில்வாயில் வழியே முப்பதாண்டாகப் பகைவன் எவனும் வந்ததில்லை, வந்தால் தீ மூட்டத் தெரிந்தால் போதும் என்று படைத்தலைவர் கூறினார். அவனுக்காகக் காத்திருக்க ஊரில் எவரும் இல்லை என்பதும் ஒரு தகுதியாகக் கொள்ளப்பட்டது. பெருமான் ஒப்பினார்.

ஆதலின் கோமான் திருவாணை யாதெனின்: மூங்கிற்குடி வேட்டன் இவ்வோலை கண்ட அன்றே காவல் ஒப்படைத்து இறங்குக. பட்டாடையும் பொற்பூவும் ஊரில் தரப்படும். சுமந்து ஏற என்னால் இயலவில்லை. நூலைக் கேட்க விரும்பினால் பேரவைக்கு வருக, விரும்பாவிடில் வரவேண்டா. இனிப் பாடுக என்றோ பாடற்க என்றோ உம்மை எவரும் பணித்தலாகாது. திங்கள் ஓலைகளை இனி நறுக்கலாகாது. கோட்டுக்கு அப்பால் உள்ளதை முதலில் படித்து, பின்னரே தலைப்பகுதியைப் படிக்க வேண்டும்.

சேந்தி அம்மையார் மலையடியில் ஓடைக்கரைச் சத்திரத்தில் இருக்கின்றார். மேலே வருவதற்கு விதி இடம் தராது என்று காவலர் தடுத்தனர். "விதியெல்லாம் எனக்குத் தெரியும். கீழேயே இருக்கேன். இறங்கும்போது பாறை வழுக்கும், பாத்து வரச் சொல்லுங்க" என்றார். பதினான்கு ஆண்டுகளில் அவர் அனுப்பி, உம் கையில் சேரும் முதற்சொல் இது. அதை ஓலையில் ஏற்றுவதற்கு எனக்குக் கொடுத்து வைத்தது.

இனி ஒரு வேண்டுகோள். அது கோட்டுக்கு அப்பால் எழுத வேண்டியது. ஆதலின் இங்கே ஒரு கோடு இடுகின்றேன்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. உம் பாட்டுகள் அத்தனையும் எனக்கு மனப்பாடம். ஆயினும் ஊற்றில் எந்த மாதம் நீர் வற்றும் என்பதை எப்பாட்டிலும் நீர் சொல்லவில்லை. அரைமலைக் கல்லில் உப்பும் அரிசியும் எந்நாளில் வைக்கப்படும், முகில் புகுந்தால் கதவைத் திறந்து வைப்பதோ சாத்துவதோ, ஒரு மாதம் முழுதும் பேசாதிருந்தால் குரல் என்னாகும், இவற்றை இறங்குமுன் சொல்லிச் செல்க. எனக்கு அச்சமாக இருக்கின்றது. இதை ஊரில் எவரிடமும் சொல்லவில்லை. எனக்குப் பாட வராது. எல்லை அமைதி என்று எழுதியபின் எஞ்சிய இடத்தில் என்ன எழுதுவேன் என்று ஆறு நாள் மலை ஏறியும் தெரியவில்லை.

ஆம், வேட்டனாரே. குடுவை நீரை வாங்கிக் குடித்துவிட்டு உம் வாயிலில் நிற்பவன் ஓலைக்காரன் அல்லன். நிமிர்ந்து பார்க்க.

கோமானின் இரு மலை பொறித்த இலச்சினை தலைப்பில் இட்டது. எழுதியவனும் கொணர்ந்தவனும் நக்கன் பொழிலன். இதற்குக் கீழ் ஒரு சாண் ஓலை வெறிதே விடப்பட்டது. விதிக்கு மாறு என்பதை அறிந்தே விட்டேன். அதை எழுத்தாணியால் நிரப்ப வேண்டா. வாய் திறந்து சொல்லுக. கேட்க ஆள் வந்திருக்கின்றேன்.